அச்சகத் தீர்ப்பின் அந்த ஒரு வரி

"கடகடகடகடகட!"

நீதிபதியம்மாவின் கையிலிருந்த பேனா எகிறி மேசைக்குக் கீழே விழுந்தது. பின் பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த வேறு வழக்கின் சாட்சி ஒருவர், தன்னைத்தான் கூப்பிட்டுவிட்டார்கள் என்று துள்ளி எழுந்து, "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று ஆரம்பித்துவிட்டார்.

"யாரு அது? என்ன சத்தம்?"

சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷின். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் கோட்டின் வால் தரையைக் கூட்ட, மும்முரமாக மிதித்துக்கொண்டிருந்தார் மனுதாரரின் வக்கீல். கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு 'வெண்கலம்' என்று பேர். தொண்டை அப்படி. அவர் இங்கே வாதாடினால் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்சேபணை எழும்பும்.

"இதுதாம்மா அந்தச் சத்தம்!" என்று மிதிப்பதை நிறுத்தாமலே கத்தினார். "என் கட்சிக்காரர் தலைக்கு மேல தினம் தினம் ஓடுற சத்தம்! நீங்களே கேளுங்க!"

"ஐயோ சார், துணி வைக்காம மிதிக்காதீங்க! பல்லு தேஞ்சுடும்!" என்று எதிர் பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

வெண்கலம் சட்டென்று நிறுத்தி, வாயை மூடிக்கொண்டார். கோர்ட்டே சிரித்தது.

"உங்க பல்லு இல்ல சார். துணியை இழுக்க ஊசிக்குக் கீழ இருக்குமே, அந்தப் பல்லு" என்ற தையல்காரம்மா, அடிபட்ட பிள்ளையைத் தடவுவது மாதிரி மெஷினைத் தடவிக் கொடுத்தாள்.

'மெஷினைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர உத்தரவிட வேண்டும்' என்று வெண்கலம் கொடுத்த மனுவில், போகிற போக்கில் கையெழுத்துப் போட்டது நீதிபதியம்மாதான். யாரை நோவது? குனிந்து பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

வழக்கு சின்னது. தையல்காரம்மா மாடி வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துப் பழகிய மனிதர், இப்போது கண்டுபிடிக்க வேறெதுவும் இல்லாமல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துவிட்டார். மெஷினை வீட்டில் ஓட்டக் கூடாது என்று தடையுத்தரவு கேட்டு வந்திருக்கிறார். கடை பிடித்துத் தைக்கத் தையல்காரம்மாவுக்கு வசதி கிடையாது. தடை வந்தால் மெஷின் மூலையில் நிற்க வேண்டியதுதான், அவள் பிழைப்பும்.

"சட்டத்துல குழப்பமே இல்லம்மா" என்று வெண்கலம் ஸ்டூலை விட்டு எழுந்தார். "அச்சகத் தீர்ப்பு!"

அதைச் சொல்லும்போதே கையைக் கட்டிக்கொண்டார். இனிமேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அச்சகத் தீர்ப்பு என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாத வக்கீல் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டில் அச்சு மெஷின் ஓட்ட, பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட, அது உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அதில் வந்த ஒரு வரி எல்லோருக்கும் மனப்பாடம்: 'வீடு என்பது ஓய்வுக்கான கூடு, அதனுள் தொழிலின் ஒலி ஒரு துளி நுழைந்தாலும் அது அத்துமீறலே.'

வெண்கலம் அதை ராகம் போடாத குறையாகச் சொல்லி முடித்தார்.

தையல்காரம்மாவின் வக்கீல் எழுந்தார். வெண்கலத்துக்கு நேர் எதிர். பேசுவது அவருடைய கழுத்துப் பட்டைக்கு மட்டும் கேட்கும். 'முணுமுணுப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"அது வந்து... அச்சு மெஷின். இது... தையல் மெஷின்..."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்."

"வேற மெஷின்மா" என்றார், ஏதோ ரகசியத்தை உளறிவிட்டவர் போல.

அவர் சொல்ல வந்தது நீதிபதியம்மாவுக்குப் புரியாமல் இல்லை. உயர் நீதிமன்றம் சட்டம் இதுதான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் கீழ்க்கோர்ட் எல்லாம் தலையாட்டியே ஆக வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு மூச்சு விட ஒரே ஒரு ஜன்னல் உண்டு: 'அந்த வழக்கின் சங்கதி வேறு, இந்த வழக்கின் சங்கதி வேறு, ஆகவே அந்தத் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது.' அவளும் அந்த ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறாள். போன தடவை அப்படித் திறந்தபோது மேலேயிருந்து, 'மேல் நீதிமன்றத் தீர்ப்பை உரிய கவனத்துடன் பின்பற்றவில்லை' என்று ஒரு குறிப்பு வந்து அவள் தலையில் விழுந்தது. பதவி உயர்வு வேறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு குறிப்பு விழுந்தால் இதே நாற்காலியில் தலை நரைக்க வேண்டியதுதான்.

அதுவும் இந்த வரியில் ஜன்னலே இல்லை. 'ஒரு துளி' என்று சொன்ன பிறகு அச்சு மெஷின் என்ன, தையல் மெஷின் என்ன? ஊசி விழுந்தாலும் அத்துமீறல்தான்.

இந்த வரியை அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். போன வருஷம் ஒரு தச்சரின் வீட்டுப் பட்டறையை இதே வரியைக் காட்டித்தான் மூட வைத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தீர்ப்பைக் கணவரிடம் வாசித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

கணவரும் ஒரு காலத்தில் வக்கீல்தான். வழக்கில் ஜெயித்தார் என்று எதிரிகள்கூடச் சொன்னது கிடையாது. எதிர்க் கட்சிக்காரர்கள் தங்கள் வக்கீலுக்குக் கும்பிடு போடுவதற்கு முன்னால் இவருக்குத்தான் போடுவார்களாம். ஒரு நாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கப் போய்விட்டார். ஆனால் வாதம் விட்டுப் போகவில்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்குக் காலையில் அவள் கோபித்துக்கொண்டபோதுகூட, "போன மழைக்காலத்துல நீயே அனுமதிச்சிருக்க. முன்தீர்ப்பு இருக்கு" என்றார்.

அப்படிப்பட்டவர், தச்சர் தீர்ப்பை அவள் வாசித்தபோது மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அந்த வரியை இன்னொரு தடவை வாசி" என்று கேட்டார். வாசித்தாள். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். சட்டத்தின் மேல் இன்னும் இத்தனை பக்தியா என்று அவளுக்கே மனசு இளகிப் போனது.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

தையல்காரம்மாதான். முணுமுணுப்பு அவள் முந்தானையை இழுக்காத குறையாகத் தடுக்கப் பார்த்தார்.

"கேளுங்க."

"எல்லாரும் அந்தப் பெரிய கோர்ட்டு சொன்ன ஒரு வரியையே சொல்றாங்க. நாலு முழம் துணியை வெட்டுறதுக்கு நான் எட்டுத் தடவை அளக்குறேன். அவ்வளவு பெரிய கோர்ட்டு ஒரே வரியிலயா தீர்ப்பு எழுதினாங்க?"

அந்தத் தீர்ப்பை நீதிபதியம்மாவே முழுசாகப் படித்ததில்லை. படித்தவர் யாரையாவது பார்த்ததுண்டா என்று யோசித்தாள். அதுவும் இல்லை.

"ரெண்டு வக்கீல்ல யார்கிட்டயாவது அச்சகத் தீர்ப்பு முழுசா இருக்கா?"

"முழுசாவா?" என்றார் வெண்கலம், அவமானப்பட்டவர் போல. "அது எதுக்கும்மா? தொகுப்புப் புத்தகத்துல அந்த வரி தடிச்ச எழுத்துல இருக்கு."

முணுமுணுப்பு உதட்டை அசைத்தார். இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பார்ப்போம்" என்று எழுந்துவிட்டாள்.

நூலகத்துக்குப் போகிற தாழ்வாரத்தில் மாவட்ட நீதிபதி எதிரே வந்தார். அவள் தீர்ப்பின் மேல் யாராவது அப்பீல் போனால் அது முதலில் போய் விழுவது அவர் மேசையில்தான்.

"என்னம்மா, சாப்பிடாம எங்க இவ்வளவு வேகமா?"

"ஒரு பழைய தீர்ப்பைப் படிக்கலாம்னு சார். அச்சகத் தீர்ப்பு."

"படிக்கவா?" அவர் சிரித்துவிட்டார். "அதைப் போய் யாராவது படிப்பாங்களா? 'வீடு என்பது ஓய்வுக்கான கூடு!' அடடா, என்ன வரி! அந்த வரியை எத்தனை தீர்ப்புல போட்டிருக்கேன் தெரியுமா? ஒண்ணைக்கூட யாரும் அசைக்க முடியலையே! அந்தத் தச்சரு உன் தீர்ப்பு மேல அப்பீல் வந்தப்பக்கூட அந்த ஒரு வரியாலதானேம்மா அனுப்பி வெச்சேன்?"

"ஆமா சார்" என்றாள்.

முழுத் தீர்ப்பு அச்சான புத்தகம் மேல் அலமாரியில் இருந்தது. தூசியைத் தட்டிப் பிரித்தாள். பொருளடக்கம் பார்த்துப் பக்கத்தைத் தேடிப் போனால், அந்த இடத்தில் தாள்கள் பிரியவே இல்லை. பைண்டு செய்தபோது ஓரம் வெட்டப்படாமல் நாலைந்து பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. இத்தனை வருஷமாக இந்த ஊர்க் கோர்ட்டுகள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய தீர்ப்பை, இந்த நூலகத்தில் ஒரு மனிதப் பிறவிகூடத் திறந்ததில்லை!

ஸ்கேலை உள்ளே விட்டு மெதுவாகக் கிழித்தாள்.

அந்த வரி இருந்தது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அதற்கு முந்தின வரியும் இருந்தது: 'மனுதாரரின் வழக்கறிஞர் உருக்கத்துடன் வாதிட்டதாவது...'

நீதிபதியம்மா மறுபடி படித்தாள். வாதிட்டதாவது!

அது நீதிபதி சொன்னதே இல்லை. ஒரு தரப்பு வக்கீல் சொன்னது. தீர்ப்பு எழுதும்போது இரண்டு பக்க வாதத்தையும் முதலில் எழுதுவார்கள் அல்லவா, அந்த இடத்தில் இருந்த வரி. தொகுப்புப் புத்தகம் போட்ட புண்ணியவான் அழகில் மயங்கி அதை மட்டும் உருவித் தடித்த எழுத்தில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து ஒரு கோர்ட் எழுத, அந்தக் கோர்ட்டைப் பார்த்து அடுத்த கோர்ட் எழுத... பரீட்சையில் முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதிய வகுப்பு மாதிரி எல்லோரும் வரிசையாக ஒரே தப்பை எழுதியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் அவளும் ஒருத்தி.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். உயர் நீதிமன்றம் பேசியது: 'கேட்பதற்கு இனிய வாதம், ஏற்பதற்கில்லை. சத்தம் எவ்வளவு, எந்த நேரத்தில், எப்படிப்பட்ட தெருவில் என்பதைப் பார்த்தே அது தொந்தரவா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு துளிக்கெல்லாம் தடை விதித்தால் ஊரில் குழந்தைகூட அழ முடியாது. மனு தள்ளுபடி.'

அப்படியே தீர்ப்பின் முதல் பக்கத்துக்கு வந்து, அந்த உருக்கமான வக்கீல் யார் என்று பார்த்தாள்.

பார்த்த கண் பார்த்தபடி நின்றுவிட்டது. காலையில் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு முன்தீர்ப்பு இருக்கிறது என்று சாதித்த மனிதரின் பெயர் அங்கே அச்சாகியிருந்தது.

மதியம் கோர்ட் கூடியதும் புத்தகத்தை வெண்கலத்திடம் கொடுக்கச் சொன்னாள்.

"சார், உங்க குரல்தான் நல்லா இருக்கு. கொஞ்சம் வாசிங்க."

வெண்கலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "வீடு என்பது ஓய்வுக்கான கூடு!" என்று முழங்கினார்.

"அதுக்கு முந்தின வரி?"

"மனுதாரரின் வழக்கறிஞர் உருக்கத்துடன் வாதி..." குரல் பாதியாகியது. "...ட்டதாவது."

"அடுத்த பக்கம்?"

அவர் வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உதடு அசைந்தது.

"கேக்கலம்மா!" என்று எழுந்தார் முணுமுணுப்பு. ஜன்னல் கதவு அதிர்ந்தது. "என் நண்பரைச் சத்தமா வாசிக்கச் சொல்லணும்!" தன் தொண்டையிலிருந்தா இது வந்தது என்று அவரே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"உயர் நீதிமன்றம் சொன்னா நான் கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் நீதிபதியம்மா. "சொன்னது என்னன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஃபேனை நிறுத்துங்க. அம்மா, நீங்க உக்காந்து, துணி வெச்சு ஓட்டுங்க."

தையல்காரம்மா ஒரு நீலத் துணியை மடித்து வைத்து மிதித்தாள். காலையில் கேட்ட கடகடப்பு இல்லை. சீராக ஒரு முனகல். வெளியே சாலையில் போன பஸ்ஸின் ஹாரன் அதை விழுங்கிவிட்டுப் போனது.

"இதுவா உங்க தூக்கத்தைக் கெடுக்குது?" என்று தணிக்கையாளரைக் கேட்டாள்.

மனிதர் நெளிந்தார். கணக்கில் பொய் சொல்லத் தெரியாதவர். "இது இல்லம்மா. மெஷின் நடக்குது. மிதிக்க மிதிக்கக் கால் நகர்ந்து, தரையில டொக்கு டொக்குனு இடிக்குது. சரியா நான் படுக்குற இடத்துக்கு மேல."

"அடப் பாவமே!" என்றாள் தையல்காரம்மா. "இதை மாடி ஏறி வந்து சொல்லியிருந்தா காலுக்கு டயர் துண்டு வெட்டி வெச்சிருப்பேனே அண்ணே! நேரா வக்கீல் நோட்டீஸ்ல வந்து நின்னீங்க!"

"வக்கீல்கிட்ட கேட்டேன். ஒரு துளியும் கூடாதுன்னு தீர்ப்பு இருக்குன்னார்."

வெண்கலம் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

உத்தரவு அப்போதே எழுதப்பட்டது. மெஷின் மாடியிலேயே இருக்கும். நாலு காலுக்கும் ரப்பர் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரமும், இருட்டிய பிறகும் ஓட்டக் கூடாது. மற்றபடி தடை கிடையாது. அந்த வரி யாருடைய வரி என்பதையும் அவள் விளக்கமாக எழுதினாள். எழுதும்போது மாவட்ட நீதிபதியின் முகம் கண் முன்னால் வந்தது, எழுதுவதை நிறுத்தவில்லை. மெஷினைத் தூக்கத் தணிக்கையாளரும் ஒரு கை பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஈரத் துண்டு அதே நாற்காலியில் இருந்தது. அதற்கு எதிரே பால்கனியில் கணவர் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க வாதத்தை இன்னிக்கு நான் தள்ளுபடி பண்ணிட்டேன்."

"துண்டு விஷயமா?"

"இல்ல. கூடு விஷயம். ஓய்வுக்கான கூடு."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"புத்தகத்தைத் திறந்தியா?" என்றார் மெதுவாக.

அவள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். வழியெல்லாம் எப்படிக் கேலி செய்யலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

"நமக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி நடந்தது. தீர்ப்பு வந்த அன்னிக்கே படிச்சேன். அதோட கோட்டைக் கழட்டினவன்தானே. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு ஏதோ ஒரு கோர்ட்டுல அந்த வரியை எடுத்துப் போட்டிருந்தாங்க. யாராவது திருத்திடுவாங்கன்னு பார்த்தேன். யாரும் திருத்தல. இன்னொரு கோர்ட்டு போட்டுச்சு. அப்புறம் மாவட்டக் கோர்ட்டு. அப்புறம்..."

"அப்புறம் நான்" என்றாள். "சாப்பாட்டு மேசையில உக்காந்து வாசிச்சேன். இன்னொரு தடவை வாசின்னு வேற கேட்டீங்க! அந்தத் தச்சரு பட்டறையை மூடினாரே, அவருக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. "அது தப்புதான்" என்றார். "அன்னிக்கு ராத்திரி உன்கிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு."

"நாளைக்கு நீங்களே அவரைத் தேடிப் போய், மறுபடி மனு போட வழி சொல்லிட்டு வரணும். கோட்டைத் தூசி தட்டுங்க."

"சரி."

இவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் 'சரி' சொன்னதாக அந்த வீட்டில் முன்தீர்ப்பே கிடையாது. அவள் எதிர் நாற்காலியில் இருந்த ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவருடைய டம்ளரிலிருந்தே ஒரு வாய் டீ குடித்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. ஊரே தப்பா எழுதுதுன்னு தெரிஞ்சும், பொண்டாட்டிகிட்டகூட இத்தனை வருஷமா எப்படிங்க வாயைத் திறக்காம இருந்தீங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எப்படிம்மா சொல்றது? நான் ஜெயிச்ச ஒரே கேஸ் அதுதானே!"